முழுகாத நாளின் கணக்கு: தறியும் அட்டையும் பஞ்சாங்கமும்

1

அரசு சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் தாய் சேய் நல அட்டையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க முடியுமா? நமது சூழலில் விமர்சனம் என்றால் கவிதைத் தொகுப்பு, நாவல், மிஞ்சிப்போனால் ஒரு சினிமா. அதற்குக் கீழே நம் விமர்சன மனம் இறங்கி வருவதில்லை. ஆனால் இன்று தமிழகத்தில் எந்த நாவலையும்விட அதிகமான பெண்களின் கையில் இருக்கும் தாள் இதுதான். மடித்து, கசங்கி, மஞ்சள் பையில் ரேஷன் அட்டையோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் இந்தப் பிரதிக்கு இதுவரை ஒரு மதிப்புரைகூடக் கிடையாது.

அதில் இரண்டு தேதிகள் உண்டு. கடைசி மாதவிடாய் தேதி, எதிர்பார்க்கப்படும் பிரசவ தேதி. முதலாவது அவள் சொல்வது. இரண்டாவது அவளுக்குச் சொல்லப்படுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சூத்திரம் உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சூத்திரத்தின் வரலாறு, அது வருவதற்கு முன் தமிழில் இருந்த கணக்குகள், காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊரில் அந்தத் தேதி என்னவாகிறது என்பவற்றைப் பற்றியது இக்கட்டுரை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதி குறிப்பது வன்முறை என்று நான் சொல்லவரவில்லை. ஒரே தேதி ஒருத்திக்கு உரிமையாகவும் இன்னொருத்திக்கு வெறும் கெடுவாகவும் எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி.

2

சூத்திரம் எளிமையானது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 7 நாளைக் கூட்டு, 3 மாதத்தைக் கழி, ஆண்டை ஒன்று ஏற்று. ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. மொத்தம் 280 நாள். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரப் பேராசிரியர் ஃப்ரான்ஸ் கார்ல் நெகெல் (1778-1851) பெயரால் இது வழங்குகிறது. அவருக்கு முன்பே லைடன் நகரத்து மருத்துவர் போர்ஹாவ் இதைச் சொல்லியிருந்தார். அந்த 7 நாளை மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கூட்டுவதா, முடிந்த நாளிலிருந்து கூட்டுவதா என்பது அவர்கள் எழுத்தில் தெளிவாக இல்லை. முதல் நாள் என்று பாடப்புத்தகங்கள் உறுதிசெய்துகொண்டது பின்னால்தான். அதாவது நமது அட்டையில் கல்வெட்டுபோல் நிற்கும் தேதி, ஒரு தெளிவற்ற வாக்கியத்துக்குப் பின்வந்தவர்கள் கொடுத்த ஒரு வாசிப்பு.

இந்தச் சூத்திரம் ஒரு பெண்ணைக் கற்பனை செய்கிறது. அவளுக்குச் சுழற்சி தவறாமல் 28 நாள். பதினான்காம் நாள் கருமுட்டை வெளிப்படும். அவள் தேதியை நினைவில் வைத்திருப்பாள். இப்படி ஒரு பெண் எங்கே இருக்கிறாள்? குறித்த அந்த ஒரே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். அமெரிக்காவில் 1990இல் வெளியான ஆய்வு ஒன்றில் முதல் பிரசவக்காரிகளுக்கு நெகெல் கணக்கைவிட 8 நாள் கூடுதலாக ஆகியிருந்தது. இங்கிலாந்தில் 2004இல் வெளியான இன்னொரு ஆய்வு, தெற்காசியப் பெண்களின் பேறுகாலம் வெள்ளையர்களுடையதைவிட ஏறக்குறைய ஒரு வாரம் குறைவு என்றது. கருவுற்ற நாளைத் துல்லியமாக அறிந்து தொடங்கிய 2013ஆம் ஆண்டு ஆய்விலும் பெண்ணுக்குப் பெண் ஐந்து வாரம்வரை வேறுபாடு. நாள் தெரிந்தாலும் உடல் ஒரே கணக்குக்குள் அடங்கவில்லை.

பிறகு ஸ்கேன் வந்தது. கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவர் குழுவினரும் 1958இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்கும் வரலாறு இது. முதல் மூன்று மாதத்துக்குள் கருவின் நீளத்தை அளந்தால் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் காலம் போகப்போக அளவு தடுமாறுகிறது. குழந்தைக்குக் குழந்தை வளர்ச்சி வேறு. அப்போது பயன்படும் ஹாட்லாக் சூத்திரம் 1980களில் அமெரிக்காவின் டெக்சாஸில் அளந்த கருக்களை வைத்து உருவானது. சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரீதாபாத் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த பெண்களின் அளவுகளைக் கொண்டு இந்தியக் கருவுக்கென ஒரு கணிப்பு முறையை 2024இல் அறிவித்தார்கள். இரண்டாம், மூன்றாம் பருவங்களில் இதுவரை ஏற்பட்ட பிழையை இது ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைக்கிறது என்றார்கள். அப்படியானால் இவ்வளவு காலமும் இங்குள்ள வயிறுகளுக்கு டெக்சாஸ் முழக்கோலால் அளந்துகொண்டிருந்தோம் என்று ஆகிறது. 'உலகப் பொது' என்று நம்மிடம் வருகிற எதுவும் ஏதோ ஓர் ஊரின் அளவுதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

3

இனி நமது மொழிக்கு வருவோம். 'முழுகாம இருக்கா' என்கிறோம். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் நாள் வரவில்லை என்பது பொருள். 'நாள் தள்ளிப்போச்சு' என்கிறோம். 'மாசமா இருக்கா' என்கிறோம். மூன்று சொல்லிலும் கர்ப்பம் என்பது காலத்தில் நிகழ்ந்த ஒரு தடங்கலாகவே சொல்லப்படுகிறது. இந்தப் பேச்சுவழக்கே ஒரு கணிப்பு முறைதான். நெகெல் தொடங்கும் இடத்தில்தான் இதுவும் தொடங்குகிறது. ஆனால் இங்கே அளவுகோல் காலண்டர் மாதமாக இருக்க வேண்டியதில்லை, அவளுடைய சுழற்சியே போதும். 'பத்து மாசம் சுமந்தேன்' என்று தாய் சொன்னால் படித்தவன் சிரிக்கிறான், ஒன்பதுதானே என்று. இருபத்தெட்டைப் பத்தால் பெருக்கிப் பார்க்கட்டும், 280 வரும். பத்து என்பதை மிகையாகப் படிக்காமல் முழுகாமல் விட்ட முறைகளின் எண்ணிக்கையாகப் படிக்கலாம் என்கிறேன்.

நம் இலக்கியம் இந்தக் கணக்கை எப்படி வைத்திருக்கிறது? தமிழ் எம்.ஏ. வகுப்பில் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் என்று ஒப்பித்தவர்கள் நாம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று குழந்தையின் மாதங்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. இலக்கணம் அதற்கு மாதக் கணக்கே கொடுக்கிறது. ஆனால் எண்ணிக்கை பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. பிறப்பதற்கு முந்தைய பத்துக்கு ஓர் இலக்கிய வகை இல்லை.

விதிவிலக்கு திருவாசகம். போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் முதல் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதம்வரை வரிசையாக எண்ணுகிறார். மாதம் என்பதற்கு அவர் கையாளும் சொல் நிலவைக் குறிக்கும் மதி. தமிழில் கருவின் காலக்கணக்கு இவ்வளவு ஒழுங்காக வருகிற இன்னொரு புகழ்பெற்ற கவிதையை நான் அறியேன். ஆனால் எண்ணுவது யார்? உள்ளே இருக்கும் உயிர். ஒவ்வொரு மாதமும் ஓர் ஆபத்து, அதிலிருந்து உயிர் தப்பிப் பிழைக்கிறது. தாய் அங்கே ஓர் இடம், கடந்துவர வேண்டிய ஒரு கண்டம். பத்தாம் மாதத் துயரத்தில்தான் அவள் பங்காளியாகத் தலைகாட்டுகிறாள். தாயின் சிதைமுன் பட்டினத்தார் பாடியதாகச் சொல்லப்படும் பாடல்களிலும் பத்து மாதம் வருகிறது, மகன் பட்ட கடனாக. ஆக உயிர் எண்ணியிருக்கிறது, மகன் எண்ணியிருக்கிறான். சுமந்தவள் எண்ணிய கணக்கு ஏட்டில் ஏறவில்லை. அது அடுப்படியிலும் கிணற்றடியிலும் மருத்துவச்சியின் கைவிரலிலும் இருந்தது.

பெண்ணை வைத்துச் சமூகம் எண்ணிய கணக்கு ஒன்றும் உண்டு. ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை, கத்திரி வெயில் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சரிபாருங்கள். கருவுற்ற நாளிலிருந்து சராசரி 266 நாள். ஆடியோடு கூட்டினால் சித்திரையை ஒட்டித்தான் வந்து நிற்கும். இது பிரசவத் தேதிக் கணிப்பைத் தலைகீழாகப் போட்ட கணக்கு. அறிவு இருக்கிறது, ஆனால் அந்த அறிவைக் கையில் வைத்திருப்பது மாமியாரும் சம்பந்தி வீடும். பழைய கணக்கெல்லாம் பெண்ணின் கணக்கு, புதியதெல்லாம் அதிகாரத்தின் கணக்கு என்று பிரித்துக்கொண்டு ஏக்கப் பெருமூச்சு விட நம்மவர்கள் சிலர் தயாராக இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

4

காஞ்சிபுரத்தில் கணக்குக்குப் பஞ்சமில்லை. மனிதரின் வரவுசெலவு எழுதும் சித்திரகுப்தனுக்கே தனிக்கோயில் உள்ள ஊர். வரதராஜர் கோயில் குளத்திலிருந்து அத்திவரதரை 40 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் ஊர்; 1979க்குப் பின் 2019இல் எடுத்து 48 நாள் வைத்தார்கள். அடுத்தது எந்த ஆண்டு என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். இந்த ஊரின் பிழைப்பும் நாளைச் சார்ந்தது. பட்டு முகூர்த்தத்துக்கானது. தையிலும் ஆவணியிலும் கல்யாணம் என்றால் அதற்கு மாதங்களுக்கு முன்பே தறியில் கெடு விழுந்துவிடும்.

தறிக்கு அதன் கணக்கு. பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுக்கப்படும், புடவை எடை போட்டு வாங்கப்படும். ஒரு பாவில் பொதுவாக மூன்று புடவை. சாதாரணப் புடவை பத்து நாளிலும் இறங்கும், வேலைப்பாட்டைப் பொறுத்து இருபதும் ஆகும். கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று தனித்தனி நாடா. ஒருவர் கையால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். ஒருகாலத்தில் அங்கே பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை பெரிதாகி அவர்கள் விலக, அந்த இடத்தில் பல வீடுகளில் மனைவி உட்கார்ந்தாள். இதற்கு வெளியேயும் வேலை உண்டு. ஊடைக்குத் தார் சுற்றுவது, தெருவில் பாவு போடும்போது இழுத்துப் பிடிப்பது, அறுந்த இழையை முடிவது, தீர்ந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பது. கூலி புடவைக்கு; பெரும்பாலும் அது வருவது ஆணின் பெயருக்கு. இவள் வேலைக்குப் பெயர் 'ஒத்தாசை'.

பிள்ளையார்பாளையத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு தறிக்கார வீட்டுப் பாட்டியிடம், உங்கள் காலத்தில் பிள்ளை எப்போது பிறக்கும் என்று எப்படிக் கணக்கு வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"தேதியெல்லாம் யாரு கண்ணு வச்சா? எந்தப் பாவு ஓடறப்ப தள்ளிப்போச்சுன்னு தெரியும். அதுக்கப்புறம் எத்தினி பாவு முடிஞ்சிதுன்னு தெரியும். பெரியவனுக்கு ஏழாவது பாவு. சின்னவளுக்குப் பாவு பாதியில நிக்கறப்பவே வலி கண்டுடுச்சு. மீதிய யாரு நெய்யறதுன்னு அவருக்குக் கவலை. பதினாறு கழிச்சு நானே போயி உக்காந்தேன்."

ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் கடிகாரத்துக்கு முந்தைய உழைப்பு, வேலையைக் கொண்டு காலத்தை அளந்தது என்கிறார். கைத்தறி நெசவாளர்கள் அதில் முக்கியமான உதாரணம். வீட்டுக்குள் பெண் செய்யும் வேலை இன்னும் முழுசாகக் கடிகாரத்துக்குள் வந்துவிடவில்லை என்றும் சொல்கிறார். பாட்டி சொன்ன பாவுக் கணக்கு இதற்குப் பொருந்துகிறது. ஆனால் பொருந்துகிறதே என்று மகிழ்ந்துவிட முடியவில்லை. 'பாவு பாதியில்' என்னும் சொல்லில் அவளது வயிறு தறியால் அளக்கப்படுகிறது. தறியின் கெடுவுக்கு வயிறு ஒரு குறுக்கீடு. வேலையால் காலத்தை அளக்கும் உலகில் வேலையிலிருந்து விலகும் நாள் என்று ஒன்று கிடையாது.

5

விலகும் நாளை முதலில் கேட்டது ஆலைத் தொழிலாளர் இயக்கம். பம்பாயில் 1929இல் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1934இல். சுதந்திர இந்தியாவின் 1961 சட்டம் 12 வாரம் தந்தது, 2017 திருத்தம் அதை 26 வாரமாக்கியது. பிரசவத்துக்கு முன் எட்டு வாரம்வரை எடுக்கலாம். இவை இப்போது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போயிருக்கின்றன.

இந்த 1961 சட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தால் அதன் அச்சாணி 'எதிர்பார்க்கப்படும் பிரசவ நாள்' என்பது தெரியும். அந்த நாளுக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் விடுப்பு. அதற்கும் முந்தைய ஒரு மாதத்துக்கு, அவள் கேட்டால், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக்கூடாது. ஹைடல்பெர்க் பேராசிரியரின் சூத்திரம் இங்கே தொழிலாளியின் கையில் ஓர் ஆயுதமாகிவிடுகிறது. முதலாளியிடம் நீட்டிக் காட்டத் தேதி வேண்டும். தேதி இல்லாவிட்டால் விடுப்பு இல்லை.

இப்போது அதே அட்டையோடு தார் சுற்றுகிறவள் வரட்டும். யாரிடம் நீட்டுவாள்? பட்டு கொடுத்தவர் அவளுக்கு முதலாளி இல்லை, அவள் கணவனுக்கே இல்லை என்பார். 80 நாளை எந்தப் பதிவேட்டில் காட்டுவாள்? சட்டம் கற்பனை செய்யும் கடினமான வேலை ஆலையில் நிற்கும் வேலை. இவளுடையதோ குழித்தறிப் பக்கம் உட்கார்ந்து, குனிந்து, கை நீட்டிச் செய்யும் வேலை. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சம் பேர், அதில் 72 சதவீதம் பெண்கள். கணக்கெடுப்புக்கு அவர்கள் தொழிலாளர். பிரசவத்துக்கு முன் அவர்கள் வெறும் கர்ப்பிணிகள்.

அவர்களுக்கு அரசு ஒன்றும் தரவில்லை என்று சொன்னால் பொய். 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாயானது, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000. 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் நிபந்தனை உண்டு. கர்ப்பப் பதிவு எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்குச் சிக்கல் என்ற நிலை 2017லிருந்து வந்தது. ஆக தேதி அவளிடமும் இருக்கிறது. பதிவு செய், ஊசி போடு, இத்தனையாம் தேதி படுக்கையில் சேர் என்று அவளை நோக்கி அது பேசுகிறது. அவளுக்காகத் தறியை நோக்கி அது பேசுவதில்லை. உரிமைக்கும் கெடுவுக்கும் உள்ள வேறுபாடு என்று நான் சொல்வது இதைத்தான்.

6

பேச்சுமொழியில் இப்போது ஒரு புதிய வாக்கியம் புழங்குகிறது. 'டாக்டர் டேட் குடுத்திருக்காங்க.' முன்பு நாள் தள்ளிப்போனது, இப்போது தேதி கொடுக்கப்படுகிறது. கோர்ட்டில் வாய்தா கொடுப்பதுபோல. கொடுக்கப்பட்டது தாண்டினால் குற்றம் வயிற்றின்மேல். 'தேதி தாண்டிடுச்சு, இன்னும் வலி வரல' என்ற பதற்றத்தில் எத்தனை வீடுகள்! நிறைமாசம் என்ற சொல்லுக்குள் ஏறக்குறைய ஒரு மாதம் இடம் இருந்தது. எப்போ வேணும்னாலும் ஆகலாம் என்பார்கள். அந்த விரிவைத் தேதி ஒரு புள்ளியாகச் சுருக்கிவிட்டது. உண்மையில் மருத்துவ அறிவும் புள்ளியைச் சொல்லவில்லை. 37 வாரத்திலிருந்து 42வரை என்றுதான் அது பேசுகிறது. அட்டையில் கட்டம் ஒன்றுதான் இருக்கிறது.

புள்ளி ஆனபின் அதை நகர்த்தலாம். இங்கே பஞ்சாங்கம் உள்ளே வருகிறது. டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலோ பின்னாலோ நல்ல நட்சத்திரம் பார்த்துக் கத்தி வைக்கச் சொல்லிக் கேட்கும் குடும்பங்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். மரபும் நவீனமும் எதிரெதிர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், ஆபரேஷன் தியேட்டரில் இரண்டும் கைகுலுக்கிக்கொள்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. இவையெல்லாம் நட்சத்திரத்துக்காக என்று சொல்லமாட்டேன். ஆனால் முகூர்த்தப் பட்டுக்குக் கெடு வைத்த அதே பஞ்சாங்கம் பிள்ளைக்கும் கெடு வைக்கிறது என்பதைப் பட்டு நெய்யும் ஊர் கவனிக்காமல் இருக்க முடியாது.

இன்னொரு முனையும் உண்டு. கருக்கலைப்புக்கு 1971 சட்டம் 20 வாரம் என்று எல்லை வைத்தது, 2021இல் சில பிரிவினருக்கு 24 ஆனது. அவள் சொல்லும் தேதி ஒன்று, ஸ்கேன் சொல்லும் தேதி ஒன்று என்றால் எந்தக் கணக்கில் அவள் எல்லைக்கு உள்ளே, எந்தக் கணக்கில் வெளியே? ஒரு வார வித்தியாசம் ஒருத்தியின் வாழ்க்கை.

7

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் கோட்பாட்டு நண்பர்கள் ஃபூக்கோவைத் துணைக்கழைத்து இது உயிரதிகாரம், உடலைக் கண்காணிக்கும் சொல்லாடல் என்று முடித்துவிடலாம் என்பார்கள். தவறில்லை. ஆனால் போதாது. தமிழகத்தில் 2001-03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். 2018-20இல் 54. ரத்தவங்கி, ஆம்புலன்ஸ், கிராம சுகாதாரச் செவிலியர், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று பலதும் சேர்ந்து செய்த வேலை இது. அதில் எண்ணுவதும் ஒன்று. எந்த வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறியது என்று தெரிய வாரம் தெரிந்திருக்க வேண்டும். கண்காணிப்பு என்று நாம் எழுதும் அதே சொல், ஜன்னி கண்ட பெண்ணின் பக்கத்தில் கண்காணிப்பாகவே இருந்திருக்கிறது. மருத்துவச்சியின் கைவிரல் அறிவைக் கொண்டாடுபவர்கள் அந்தக் கையில் செத்தவர்களையும் எண்ணிவிட்டுக் கொண்டாடட்டும்.

விஞ்ஞானம் சொல்லிவிட்டது, பேசாதே என்னும் மறுதரப்புக்கும் பதில் உண்டு. விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. ஐந்து வார வேறுபாடு என்று அது சொல்கிறது, டெக்சாஸ் முழக்கோல் இங்கே பிசகும் என்று சொல்கிறது. அட்டைக்கும் அதிகாரிக்கும்தான் ஒற்றைத் தேதி வேண்டும்.

ஆகவே தேதியை மறுப்பது நம் வேலை ஆகாது. அதன் திசையை மாற்றுவதுதான் வேலை. தார் சுற்றுபவளும் கரை நாடா தள்ளுபவளும் தன் பெயரில் நெசவாளியாகப் பதிவு பெற வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ பட்டு கொடுப்பவரோ, அட்டையில் உள்ள தேதிக்கு முன்னும் பின்னும் இத்தனை வாரம் தறி நிற்கும், கூலி நிற்காது என்று எழுதித் தர வேண்டும். அந்த வாரங்களின் கூலி ஒவ்வொரு முகூர்த்தப் புடவையின் விலையிலும் ஏறட்டும். புவிசார் குறியீடு பெற்ற பட்டு என்று பெருமை பேசி வாங்குகிறவர்கள் அதைக் கொடுக்கட்டும். அட்டையின் அந்த ஒற்றைக் கட்டத்தில் 'முதல்', 'வரை' என்று இரண்டு இடம் விடுவதற்கு எந்தச் செலவும் இல்லை. ஸ்கேன் தேதி வந்தவுடன் அவள் சொன்ன தேதியை அடித்துவிடாமல் இரண்டையும் வைத்திருப்பதற்கும் செலவில்லை.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. பிறந்த பின் பத்துப் பருவம் பாடிய மொழி இது. முந்தைய பத்தை உயிரும் மகனும் பாடியாயிற்று. பாவு பாதியில் நிற்கும்போது வலி கண்டவளின் கணக்கில் ஓர் எழுத்து இன்னும் வரவில்லை. அது வராதவரை 'பத்து மாதம் சுமந்தவள்' என்ற புகழ்ச்சியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். அந்தப் பத்து மாதத்தில் அவள் எத்தனை புடவைக்குத் தார் சுற்றினாள், அந்தக் கூலி யார் கையில் போனது என்று முதலில் கேட்போம்.